ஊசியக்காவின் பின்வாசல்

காரவள்ளியில் காலை பஸ் ஏறியதுமே கண்டக்டர் சொன்னார்: "டீச்சர், நம்ம ஊசியக்கா தவறிட்டாங்க." மலைமேல் திண்ணனூர் நாட்டில் அக்குபஞ்சர் பார்த்துவந்த மரகதத்துக்கு அந்தப் பெயரை வைத்ததே நாங்களெல்லாம்தான். மலை ஏறி முடியும்வரை அழுதேன்.

அதே வளைவுகளில் முன்பு வேறு காரணத்துக்காக அழுதவள் நான். மாதவிடாயின் முதல் இரண்டு நாளும் ஒவ்வொரு திருப்பத்திலும் உயிர் போய்த் திரும்பும். மலைப் பள்ளிப் பிள்ளைகளை விட மனமில்லை. வலியைத் தாங்கத் தெம்புமில்லை. இடமாறுதல் விண்ணப்பத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் மரகதத்திடம் முதலில் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கையை நீட்டினார்.

"அந்தக் கவர எங்கிட்டக் குடுங்க டீச்சர். மூணு மாசம் பாப்போம். கொறையலீன்னா வாங்கிட்டுப் போயிருங்க. ஆனா பெரிய டாக்டர்கிட்டயும் காட்டோணும். ஊசி எல்லாருக்கும் கேக்கும்னு நான் சொல்ல மாட்டேனுங்க."

ஊசி போடுவதில் அவர் கெட்டிக்காரர், எண்ணுவதில் அல்ல. ஒருநாள் காலையில் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்து, வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலில் மூச்சு வாங்க வந்து நின்றார். "டீச்சர், ஒண்ணு கொறையுதுங்க!" என் சேலையைச் சற்று உயர்த்திப் பார்த்தால், கணுக்காலுக்கு மேலே ஊசி ஜம்மென்று நிற்கிறது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அன்று பின்னம் காற்றில் போயிற்று. அதன்பிறகு கண்டக்டர் ஆள் எண்ணுவதுபோல் சத்தமாக எண்ணித்தான் எடுப்பார்.

அவர் வீட்டு முன்வாசல் கோயில் தெருவில் இருந்தது. மாதவிடாய் நாட்களில் பெண்கள் கோயிலைத் தாண்டி வரமாட்டார்கள். வலியோ அன்றைக்குத்தான். மரகதம் யாரிடமும் வாதாடவில்லை. மரவள்ளிக் காட்டுப் பக்கம் சுவரை இடித்துக் கதவு வைத்தார். "சாமிகிட்ட அப்பறம் பேசிக்கலாங்க. வலிய இன்னைக்கே பாக்கோணும்" என்பார்.

இறுதி மரியாதைக்கு வந்த பெண்களெல்லாம் பின்வாசலில்தான் கூடினோம். பழக்க தோஷம். அவர் கணவர் வந்து, "முன்னால வாங்க சாமி" என்று கூப்பிட்டும் ஒருத்தியும் அசையவில்லை. கடைசியில் பின்கதவைத் திறந்துவிட்டு, அழுகைக்கு நடுவே அவரே சிரித்துவிட்டார்.

கிளம்பும்போது ஒரு பழுப்பேறிய கவரைக் கொடுத்தார். "ஊசிப் பெட்டிக்குள்ள இருந்துச்சுங்க." என்னுடைய விண்ணப்பம். மேலே மரகதத்தின் கையெழுத்தில், 'டீச்சர் கேட்டால் மட்டும் கொடுக்கவும்' என்று எழுதியிருந்தது.

வலி அடியோடு போய்விடவில்லை. பஸ் ஏறுமளவுக்கு அடங்கியது. எனக்கு அது போதும். கவரை இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். பதினொரு வருடமாக நான் அதைக் கேட்கவே இல்லை, அக்கா.