லாரிப் புகையில் ஒரு வாக்கிங்

போன வருடம் மார்கழி மாதம், ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெங்களூரு நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் நடந்தது இது.

என் கணவருக்கு அதற்குச் சில மாதங்கள் முன்புதான் இதயத்தில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், மனிதர் புது ஷூ வாங்கி விட்டார். ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எதிலும் ஒரு குறை கண்டுபிடிப்பார். தெருவில் நாய், மைதானத்தில் மேடு பள்ளம் என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, சர்வீஸ் ரோட்டைத்தான் பாஸ் செய்தார். வழவழவென்று இருக்கிறதாம்! பக்கத்தில் லாரிகள் கக்கிக்கொண்டு போகும் புகை மட்டும் அந்தக் கண்ணில் படவே இல்லை. கூடவே நடக்கும் நான் இருமினால், "உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு" என்பார்.

அன்று பனியும் புகையும் சேர்ந்து தரையோடு தங்கியிருந்தன. பேசிக்கொண்டே நடந்தவர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. என்னால் ஐயோ என்று கத்தத்தான் முடிந்தது.

கொஞ்சம் தள்ளி, ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். ஓடி வந்தார்கள். அதற்குள் பஸ்ஸும் வந்துவிட, அவரைத் தூக்கி ஏற்றினார்கள்.

"டிரைவர் அண்ணே, ஆஸ்பத்திரிக்கு வுடுங்க. லேட்டானா சூப்பர்வைசர் கத்துவாரு, அவ்ளோதான!" என்றாள் ஒருத்தி.

முன் சீட்டில் ஒருத்தி இயேசுவைக் கூப்பிட, பின் சீட்டில் இன்னொருத்தி முருகனைக் கூப்பிட, பஸ் பறந்தது. ஒரு பஸ் கூட்டமே இறங்குவதைப் பார்த்து ஆஸ்பத்திரி செக்யூரிட்டி மிரண்டுபோனார்.

"பேஷன்ட்டுக்கு நீங்கல்லாம் இன்னா வேணும்?"

"தெனம் ரோட்ல பாக்கற பெரிப்பா சார்!"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பரிசோதித்துவிட்டு, மாரடைப்பு இல்லை என்றார் எங்கள் டாக்டர். உயிர் வந்தது எனக்கு. பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"நடக்கச் சொன்னது நான்தான் ஐயா. லாரிக்குப் பின்னால நடக்கச் சொன்னது யாரு? அந்தப் புகை நுரையீரலோட நிக்காது. ரத்தத்துல கலந்து ரத்தக் குழாயக் கெடுக்கும், இதயத்தையும் திணறடிக்கும்."

என் கணவர் தலையைச் சொறிந்தார். தான் பாஸ் செய்த ரோட்டிலேயே குறை வந்துவிட்டதே!

வீட்டுக்கு வந்தும் யோசனையாகவே இருந்தார். "நான் வேற ரோட்டுக்குப் போய்டுவேன். அந்தப் பொண்ணுங்க தெனமும் அதே புகையிலதான நிக்குதுங்க?" என்றார். உடம்பு தேறியதும் நேராக அந்தக் கம்பெனி மேனேஜரிடம் போனார். பஸ் நிற்கும் இடத்தை மாற்ற அவர் சம்மதிக்கும் வரை விடவில்லை. இப்போது பஸ் நெடுஞ்சாலையில் நிற்பதில்லை, உள்ளே, லாரிகள் வராத சர்ச் தெருவுக்கே வந்து ஏற்றிக்கொள்கிறது. இவரும் அங்கேதான் நடக்கிறார். அந்தப் பெண்களைப் பார்த்துவிட்டால் நடையில் ஒரு மிடுக்கு வேறு!

"பெரிப்பா, மூச்ச நல்லா இழுத்து வுடுங்க!" என்று கேலி செய்வார்கள்.

"நீங்களும் வுடுங்கம்மா!" என்பார்.

அவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சிரிப்பதைக் கேட்கும்போதெல்லாம், நல்ல காற்று நமக்கு மட்டும் கிடைத்தால் போதாது என்று இந்த வயதிலாவது எங்களுக்குப் புரிந்ததே என மனம் நிறைந்துவிடுகிறது.