முருங்கைக்கீரை விஷமான கதை

இன்று தேக்கா மார்க்கெட் எதிரே பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் எங்கள் செங்காங் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் ராணி ஆன்ட்டி. அவர் காலடியில் மார்க்கெட் டிராலி. அவர் எழுந்தால்தான் நான் இறங்க முடியும்.

"ஃப்ரீசர்ல வச்ச முருங்கைக்கீரை விஷமாயிடுமாம், தெரியுமா?" என்று போனை நீட்டினார்.

தெரியும். அதை எழுதியதே நான்தான்.

பெரியவர்களுக்குப் பொய்ச் செய்திகளைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தரப் போகும் இளையர்களுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். போன சனிக்கிழமை, குறை கண்டுபிடிக்கச் சொல்லி நானே ஒரு பொய்ச் செய்தியைத் தயாரித்தேன். கீழே சிவப்பில் 'பயிற்சிக்கு மட்டும்' என்று போட்டிருந்தேன். யாரோ அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

"அது பொய் ஆன்ட்டி."

"டாக்டர் சொன்னதுன்னு போட்டிருக்கு லா!"

அந்த டாக்டரும் என் கற்பனைதான்.

"நாலு பாக்கெட் கீரையத் தூக்கிப் போட்டுட்டேன். கோயில் குரூப்லயும் அனுப்பிட்டேன். பொய்யின்னா, யாரு எழுதினதுன்னு சொல்லு பார்ப்போம்?"

என் வகுப்பில் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி அது. செங்காங் வர இன்னும் பாதி வழி இருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"சரி விடு. அடுத்த வாரம் நம்ம புளோக்குக்குக் கீழ கிளாஸ் எடுக்க வர்ற பிள்ளைங்ககிட்டயே கேட்டுக்கறேன்."

அவர்கள் என் வகுப்புப் பிள்ளைகள். கேட்டால் உண்மையைத்தான் சொல்வார்கள். அப்படித்தான் பழக்கியிருக்கிறேன்.

அடுத்த வாரம் யார் வீட்டிலாவது எனக்குத் தங்க இடம் கிடைக்குமா? கீரை நானே வாங்கி வருகிறேன்.