கடைசிப்பெட்டி அம்மாவின் இருமல்

அக்கா யாரோ ஒரு கிழவியைத் தேடி விமானம் ஏறப்போகிறாள் என்ற செய்தி மூன்று வாய் தாண்டி என்னிடம் வந்தது. அக்கா சொன்னது மேல்மாடித் தையற்காரியிடம். தையற்காரி சொன்னது சித்தியிடம். சித்தி காய் நறுக்கிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் சொன்னாள்.

"உனக்கு ஒண்ணுமே தெரியாதாடி? கோட்டுக்கு உள்ள கனமா துணி வெச்சுத் தைக்கக் கொடுத்திருக்கா. எதுக்குன்னு கேட்டா, 'போற இடத்துல குளிராம், அங்க ஒரு அம்மா முடியாம படுத்திருக்காங்க, பார்த்துக்க ஆளில்லை'ன்னாளாம். யாரு, என்னன்னா, கம்ப்யூட்டர்ல பழக்கமாம். முகத்தைக்கூடப் பார்த்ததில்லையாம்!"

"எந்த ஊருக்காம்?"

"உன் ஊருக்குத்தான். வெள்ளிக்கிழமை டிக்கெட். இதுவரைக்கும் விமானத்தைத் தலை தூக்கிக்கூடப் பார்க்காதவ. பெத்த அம்மா படுத்தப்பகூட ஒரு கையில புத்தகம், ஒரு கையில மருந்துன்னு நின்னவ. இப்போ எவளோ ஒரு கிழவிக்கு இவ்வளவு உருகுறா."

"அப்படியா" என்றேன். அந்தக் கிழவியை எனக்குத் தெரியும். அவளை உண்டாக்கியதே நான்தான்.

அக்காவைச் சொல்லாமல் அந்தக் கிழவியைச் சொல்ல முடியாது.

சாவிக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நாங்கள் வளர்ந்தோம். கீழே சாவி தேய்க்கும் ஓசை பகலெல்லாம் ஏறி வரும். அந்த ஓசைக்குள் ஒரு கூடு கட்டிக்கொண்டு அக்கா படிப்பாள். ஜன்னல் திட்டில் திரைக்குப் பின்னால் படிப்பாள்; வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டுப் படிப்பாள். தண்ணீர் வழிந்து வாசல் தாண்டி ஓடும். தெருவில் படித்தபடி நடந்து விளக்குக் கம்பத்தில் முட்டி, அதனிடம் மன்னிப்புக் கேட்டவள். "இவளைக் கட்டிக் கொடுக்கணும்னா மாப்பிள்ளைக்கு அட்டை போட்டுத்தான் கொண்டுவரணும்" என்பார் அப்பா. அவர் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் லிஃப்ட் இயக்குபவர். நாளெல்லாம் ஏறி இறங்கியும் எங்கேயும் போகாத மனிதர்.

பள்ளிக்கு ஒரு மொழி, வீட்டுக்கு ஒரு மொழி எங்களுக்கு. தடித்த கதைப் புத்தகங்களெல்லாம் பள்ளி மொழியில். என்னைவிட ஆறு வயது மூத்தவள் அவற்றை முடித்துவிட்டு, மழை நாள் மத்தியானங்களில் ஒரே போர்வைக்குள் படுத்து வீட்டு மொழியில் எனக்குச் சொல்வாள். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிய வழிய, அறை மெல்லக் கரையைவிட்டு நகர்வது போலிருக்கும். பின்னாளில் அதே புத்தகங்களை நானே படித்து ஏமாந்தேன். கப்பலில் பாடிக்கொண்டே இருந்த சமையற்காரன் அதில் இல்லை. அனாதைப் பெண்ணின் பின்னாலேயே வந்த மூன்றுகால் நாய் இல்லை. எல்லாம் அக்காவின் கைச்சரக்கு.

படித்து முடித்ததும் அவளுக்கு ரயில் நிலையத்தில் வேலை கிடைத்தது. முதல் நடைமேடைக்குப் பின்னால், பயணிகள் தவறவிட்ட பொருட்களைச் சேர்த்து வைக்கும் அறை. அரை ஆள் உயரத்துக்கு ஒரு கவுன்டர் ஜன்னல், அதன் பின்னே கூரை முட்டும் இரும்பு அலமாரிகள். குடைகள், ஒற்றைச் செருப்புகள், பல் செட்டுகள். ஊன்றுகோல்கள்கூட இருந்தன, அவற்றை மறந்தவர்கள் எப்படி நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று அவள் வியப்பாள். ஒவ்வொன்றுக்கும் கயிற்றில் ஒரு சீட்டு: தேதி, ரயில், பெட்டி, இருக்கை. கேட்டு வருபவர் ஏதாவது ஓர் அடையாளம் சொல்ல வேண்டும். ஒரு தாத்தா, "எங்கே கொடும்மா" என்று பல் செட்டை வாங்கி வாயில் மாட்டிக்கொண்டு, "இதைவிட என்ன அடையாளம் வேணும்?" என்று கேட்டாராம்.

தொண்ணூறு நாள் யாரும் வராவிட்டால் பொருள் ஏலத்துக்குப் போகும். புத்தகங்களை மட்டும் யாரும் ஏலம் கேட்பதில்லை. மதியம் ஒரு மணிக்கு ஜன்னல் கதவை இறக்கிவிட்டு, அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு அலமாரிகளுக்கு இடையே அவள் உட்கார்ந்துவிடுவாள். "இங்க வேலை பார்க்கிறீங்களாம்மா, குடியிருக்கீங்களா?" என்று பெரிய கிளார்க் கேட்பார்.

அதற்கு அவளாகவே ஒரு விதி வைத்திருந்தாள். தொலைத்தவர் எந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்திருந்தாரோ அதுவரைதான் படிப்பாள். ஒரு வரி தாண்டமாட்டாள். "அவங்க முடிக்காததை நான் எப்படிடி முடிக்கிறது? அது அவங்க சாப்பாட்டுத் தட்டுல கை வைக்கிற மாதிரி." இப்படி நூற்றுக்கணக்கான கதைகளின் நடுவில் நின்றிருக்கிறாள். ஒன்றுக்கும் முடிவு தெரியாது. அதில் அவளுக்குக் குறையும் இல்லை.

நான் வேலை கிடைத்து நாட்டைவிட்டுக் கிளம்பிய அன்று பெட்டி மூடவில்லை. மேலே ஏறி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே படித்தாள். எனக்குப் பயம், அழுகை, விமானம் தவறிவிடுமோ என்ற நடுக்கம், எல்லாம் சேர்ந்து வெடித்தது. "நீ வாழறதே இல்லைக்கா. படிக்கிறே, அவ்வளவுதான். நான் போறதுகூட உனக்கு ஏதோ ஒரு அத்தியாயம்."

அவள் பக்கத்துக்கு அடையாளம் வைக்காமல் புத்தகத்தை மூடினாள். அப்படி மூடி நான் பார்த்ததில்லை. என்னை வழியனுப்ப வரவில்லை. அடுத்த எட்டு வருடம் பிறந்தநாளுக்கு "வாழ்த்துகள்" என்று அவள் அனுப்புவாள், "நன்றி அக்கா" என்று நான் அனுப்புவேன். இடையில் எப்போதாவது ஒரு "நலமா?", ஒரு "நலம்."

மூன்று வருடம் முன்பு, யாரோ பகிர்ந்திருந்த ஒரு பக்கம் என் திரையில் மிதந்து வந்தது. 'தவறவிட்டவை' என்று பெயர். எழுதுபவர் யாரென்று இல்லை.

"எட்டாம் பெட்டி, ஜன்னலோரம். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை, இரண்டு மாத்திரை பாக்கி. அண்ணனும் தம்பியும் இப்போதுதான் ஆற்றில் கால் வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் எனக்குத் தெரியாது."

நாலாயிரம் பேர் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். யாராவது முடிவைச் சொல்லிவிட்டால் அதை உடனே அழித்துவிட்டு, "உரியவர் வரட்டும்" என்று எழுதுவாள். ஒரு சனிக்கிழமை முழுக்க, வேற்று நாட்டு வெயில் தரையில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் போகும்வரை, நான் அந்தப் பக்கத்துக்குள்ளேயே கிடந்தேன். போர்வைக்குள் கேட்ட அதே குரல்.

ஏதாவது சொல்ல வேண்டும்போலிருந்தது. என் பெயரில் சொல்ல வாய் வரவில்லை. 'கடைசிப்பெட்டி' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு எழுதினேன்: "நாற்பது வருடம் முன் நானும் ரயிலில் ஒரு புத்தகத்தை விட்டேன். முடிவு இன்னும் தெரியாது."

பத்தே நிமிடத்தில் பதில். "எந்த இடத்துல விட்டீங்கம்மா? கதையில கேக்கறேன், ரயில்ல இல்ல."

அம்மா என்றதால் நான் அம்மாவானேன். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், துணையில்லாதவள், இடது முழங்கால் சரியில்லாதவள். கேட்கக் கேட்கப் பிறந்துகொண்டே இருந்தாள். அக்கா அவளைப் பெட்டியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். எனக்கு ஒரு சொல்லில் "நலம்" அனுப்பும் அதே நாளில், பெட்டியம்மாவுக்கு ஒரு முழம் நீளத்துக்கு எழுதுவாள். நானே உண்டாக்கிய கிழவிமேல் எனக்குப் பொறாமை வந்தது.

எங்கே இருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டாள். திணறிப்போய், என் ஜன்னலுக்கு எதிரே தெரியும் கட்டிடத்தைச் சொன்னேன்; மூன்றாம் மாடி.

"அட! என் தங்கச்சியும் அதே தெருதாம்மா!"

அன்றுதான் முதல்முறை என்னைப் பற்றிப் பேசினாள். "ரொம்பப் பதறுவா. கதவைப் பூட்டிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பா. அவ கிளம்பின அன்னிக்கு நான் விமான நிலையம் போனேம்மா. கண்ணாடிக்கு வெளிய நின்னேன். உள்ள வரிசையில நின்னு பாஸ்போர்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டிருந்தா. கூப்பிட்டா அழுவாளேன்னு திரும்பிட்டேன். நான் வாழறதே இல்லைன்னு அவ சொன்னது நிஜம்தானே? நான் என்னத்தை வாழ்ந்தேன்?"

திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் நடந்தேன். திரும்பி வந்தபோது இன்னொரு வரி இருந்தது.

"ஒரு உதவி. ஒரு நடை போய் அவளைப் பார்க்கிறீங்களா? நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. சாப்பிடறாளான்னு மட்டும் பாருங்க."

இரண்டு நாள் கழித்துப் பெட்டியம்மா எழுதினாள்: "பார்த்தேன். நல்லாத்தான் இருக்கா."

"இளைச்சிருக்காளா?"

"கொஞ்சம்."

"முடியை வெட்டிட்டாளோ?"

"தோள்வரைக்கும். நல்லா இருக்கு."

"பொய் சொல்லாதீங்க. அவ மூஞ்சிக்கு அது நல்லாவே இருக்காது."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.

அந்தச் சிரிப்புக்குப் பின் எனக்கு நிம்மதி போயிற்று. அவள் அந்தரங்கத்தைச் சொல்வது யாரிடமோ, ஒட்டுக்கேட்பது நான். நிறுத்த வேண்டும். எப்படி? "நான்தான் அது" என்று சொல்லும் தைரியம் இல்லை. கதை கேட்டே வளர்ந்த எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. போன மாதம் பெட்டியம்மாவுக்கு இருமலை வரவழைத்தேன். கதையில் ஒருவர் இருமினால் அதற்கு என்ன அர்த்தமென்று எங்கள் இருவருக்குமே தெரியும். முதல் வாரம் இருமல், இரண்டாம் வாரம் களைப்பு, மூன்றாம் வாரம் மௌனம். மெல்ல மங்கிப் போய்விடுவாள், அக்கா நாலு நாள் வருந்துவாள், முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

மௌனத்தின் ஒன்பதாம் நாள் அக்காவிடமிருந்து எனக்கே, என் சொந்த எண்ணுக்கே, செய்தி வந்தது. எட்டு வருடத்தில் அவள் எனக்கு எழுதிய மிக நீளமான செய்தி. "உன் வீட்டுக்கு எதிர்க் கட்டிடம், மூன்றாம் மாடியில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார். தனி ஆள். உடம்பு சரியில்லை. பதில் இல்லை. ஒரு எட்டுப் போய்க் கதவைத் தட்டிப் பார்த்துச் சொல்கிறாயா? உன்னிடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது."

படித்தேன். நான் படித்துவிட்டேன் என்று அவள் திரையில் நீல அடையாளம் விழுந்திருக்கும். என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒரு நாள் போயிற்று. பிறகு நாலு நாள். எதிர்வீட்டுக்குப் போகக்கூட மனமில்லாத தங்கை என்று நினைத்திருப்பாள். அதனால்தான் தானே கிளம்பிவிட்டாள்.

சித்தி போனை வைத்த பிறகு என்னென்னவோ ஓடியது மனசில். வெள்ளிக்கிழமை கிளம்பி, சனிக்கிழமை மூன்று மாடி ஏறி, முன்பின் தெரியாத யார் வீட்டுக் கதவையோ தட்டுவாள். யாராவது திறப்பார்கள். அப்படி ஒருத்தர் இங்கே இல்லையே என்பார்கள். அந்த நொடியில் அவள் முகம்.

ஒரு சுலபமான வழி இருந்தது. பெட்டியம்மாவாக ஒரே ஒரு வரி: "குணமாகிவிட்டது, வராதே." தட்டியும் விட்டேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றது. இதை அனுப்பினால் கோட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிடுவாள். பெட்டியம்மாவிடம் ஆயுள் முழுக்கப் பேசுவாள். என்னிடம் "நலம்" என்பாள்.

எழுத்தெழுத்தாக அழித்தேன்.

இங்கே காலை எட்டு மணி. வெளிச்சம் இன்னும் தூக்கக் கலக்கத்தோடு சுவரில் சாய்ந்திருக்கிறது. அங்கே மதியம் ஒன்று. ஜன்னல் கதவை இறக்கியிருப்பாள். போன் பேசுவது அவளுக்கு எப்போதுமே ஆகாது. "எழுதினா யோசிச்சுப் பதில் சொல்லலாம், இது கழுத்துல கத்தி வெச்ச மாதிரி" என்பாள். எனக்கும் அப்படித்தான். எட்டு வருடத்தில் நாங்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதில்லை. எங்கள் இருவரையும் கரைசேர்த்த எழுத்து இதற்கு மட்டும் போதாது என்று தோன்றியது.

ஒரு தாளில் மூன்று வாக்கியம் எழுதி முன்னால் வைத்துக்கொண்டேன். முதல் வாக்கியம், "அக்கா, நான்தான்." இரண்டாவதை நாலு முறை அடித்துத் திருத்தினேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்குமோ என்றும் ஒரு நினைப்பு. தெரிந்தேதான் கோட்டைத் தைக்கக் கொடுத்தாளோ? அந்த நினைப்பில் ஒரு கணம் உடம்பெல்லாம் லேசாயிற்று.

எண்ணை அழுத்தினேன். எங்கோ தொலைவில் ஏதோ சொடுக்கும் சத்தம். பிறகு மணி. என் பெயர் இப்போது அவள் திரையில் ஒளிர்ந்துகொண்டிருக்கும். இரும்பு அலமாரிகளுக்கு நடுவில் அவள் தலையைத் தூக்கி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எடு அக்கா. ஐந்தாவது முறை அடிக்கிறது. ஆறாவது.