சர்வர் அக்காவை யாரும் துரத்தவில்லை

துரத்தினார்கள் என்கிற சொல்லை முதலில் விட்டுவிட வேண்டும். தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே ஏதோ சொன்னாள். அது மாடிவீடு ஏறி, சலவைக் கடை இறங்கி, தெருக்கோடி போய்த் திரும்புவதற்குள் அதற்குக் கையும் காலும் முளைத்துவிட்டது. "கொழுந்தன் வேலைக்கு அண்ணியே உலை வெச்சாளாம்" என்று ஒரு பேச்சு. "கொழுந்தனைக் காப்பாத்த மிஷின்ல மணியையே மாத்தினாளாம், கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டாங்களாம்" என்று இன்னொரு பேச்சு. இரண்டும் எப்படி ஒரே வாயிலிருந்து வரும்? உலை வைத்தவள் எதற்குக் காப்பாற்ற வேண்டும்? ஏதாவது ஒன்றில் நின்றால் நின்று பதில் சொல்லலாம். மணியை அவள் மாற்றவில்லை. அவளை யாரும் தள்ளவுமில்லை. தன் காலால் நடந்துதான் வெளியே வந்தாள்.

பஸ் கம்பெனியில் அவளுக்குப் பதினான்கு வருஷ வேலை. டிப்போவில் இருக்கிற கம்ப்யூட்டர் அத்தனையும் அவள் பொறுப்பு. பெரிய கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர், அது இருக்கிற அறைதான் அவளுடைய அறை. அதனால் டிரைவர் கண்டக்டர் எல்லோருக்கும் அவள் சர்வர் அக்கா. புதிதாகச் சேர்ந்த கண்டக்டர் ஒருவன் அந்தப் பெயரை மட்டும் கேட்டுவிட்டு, "அக்கா, ரெண்டு டீ, ஒண்ணு சர்க்கரை இல்லாம" என்றானாம். அவளும் போய் வாங்கிவந்து வைத்துவிட்டு, "நாளைக்கு டிக்கெட் மிஷின் நின்னுபோச்சுன்னா டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுக்கோ தம்பி" என்றாள். அதற்குப் பிறகு அவன் அவளைக் கண்டால் எழுந்து நிற்பான்.

உட்கார்ந்து சாப்பிட்ட பிறவி இல்லை அவள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடப்பாள். "உனக்கு உள்ளங்கால்ல சக்கரம் வெச்சுப் பெத்தாங்களா?" என்று மாமியார் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் அவள் காலில் நிஜமாகவே சக்கரம் கட்டிவிட்டது அரசாங்கம். அந்த நாட்டில் வருஷா வருஷம் வெயில் காலம் தொடங்கும்போது ஊர் மணியையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அந்த ஞாயிறு தள்ள வேண்டியது. மூன்று நாள் இருக்கும்போது செய்தியில் சொல்கிறார்கள், இந்த வருஷம் ஒரு மாதம் கழித்துத்தான் என்று. ஏன் என்று அவர்களும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. சுவர்க் கடிகாரம் வைத்திருப்பவனுக்குக் கவலை இல்லை, கை வைக்காவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். மிஷின்கள் அப்படி இல்லை. அவை ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே தாமாகவே தாவிவிடும்.

"அதெப்படித் தானா தாவும்?" என்று மாமியார் கேட்டாள்.

"உள்ளே ஒரு மணி இருக்கு அத்தை. அதுக்கு வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது, எந்த நாடுன்னும் தெரியாது. அது பாட்டுக்கு ஓடும். கூட ஒரு அட்டவணை இருக்கும், இந்த ஊருக்கு இந்தத் தேதியில ஒரு மணி நேரம் கூட்டுன்னு. அதைப் பார்த்துத்தான் வெளியே நமக்கு மணி காட்டும்."

"உள்ளே ஒரு மணி, வெளியே ஒரு மணியா? உங்க மேனேஜர் மாதிரின்னு சொல்லு."

சமையல்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்த கொழுந்தன் சிரித்து விக்கினான். அவனும் அதே கம்பெனியில் டிரைவர். வீட்டில் சின்னவன் என்று பெயர். வண்டியில் உட்கார்ந்துவிட்டால் சிங்கம், படுக்கையில் படுத்துவிட்டால் மூட்டை. தூக்கத்தால் இரண்டு தடவை லேட்டாகப் போய், விரல் வைக்கும் மிஷினில் இரண்டு லேட் பதிவு ஏற்கெனவே வாங்கியிருந்தான். மூன்று ஆனால் மிஷினே விசாரணைக் கடிதம் அடித்துவிடும். விசாரணைக்குப் போனவன் எவனும் அந்தக் கம்பெனியில் திரும்ப வண்டி எடுத்ததில்லை.

புதிய அட்டவணை வர வேண்டும். உலகத்து ஊர்களின் மணியையெல்லாம் கணக்கு வைத்திருக்கிறவர்கள் எங்கோ இருக்கிறார்கள், செய்தி கேட்டுத்தான் அவர்களும் திருத்த முடியும். வியாழன் போனது, வெள்ளி போனது. போனைத் திறப்பாள், மூடுவாள். வெள்ளி சாயங்காலம் ஒரே பாத்திரத்தை மூன்று தடவை தேய்த்தாள். பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்கி மிச்சத்தை நடந்தாள், உட்கார்ந்து வர முடியவில்லை என்று.

சனிக்கிழமை காலை அட்டவணை வந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் இருந்த இடத்திலிருந்தே சரியாகிவிட்டன. விரல் வைக்கும் மிஷின்களுக்கு அந்த வசதி கிடையாது. கேட்டில் ஒன்று, பட்டறையில் ஒன்று, பெட்ரோல் பங்க் பக்கம் ஒன்று, மூன்றுக்கும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஆள்தான் நடக்க வேண்டும். சாயங்காலம் கடைசி மிஷினைத் தொட்டு முடித்தபோது அவள் செருப்பில் ஒரு வார் அறுந்திருந்தது.

அப்போது மேனேஜர் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல வராது. பயந்த மனிதர். தலைமை ஆபீஸிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிறவர்.

"நாளைக்கு ஏதாவது சொதப்பினா என்னம்மா பண்றது? என் பாஸ்வேர்டு எனக்கே மறந்துபோச்சு. உன்னோடதைக் குடுத்து வை."

"சொதப்பாது சார். அட்டவணை போட்டாச்சு. கையால மட்டும் மணியைத் திருப்பக் கூடாது."

"திருப்ப மாட்டேன். சும்மா கையில இருக்கட்டும்."

கொடுத்தாள். ஒரு துண்டுத் தாளில், மிஷினில் தனக்கு உள்ள நான்காம் எண்ணை எழுதி, அடியில் தன் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தாள். அது தப்புத்தான். அதை இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று நாள் நின்ற கால், வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு மேனேஜர் டிப்போவுக்கு வந்தார். கையிலிருந்த விலையுயர்ந்த போனைப் பார்த்தார், ஆறு ஐந்து. கேட்டு மிஷினைப் பார்த்தார், ஐந்து ஐந்து. சுற்றிப் பார்த்தால் ஒரு டிரைவரையும் காணோம். போச்சு, முதல் வண்டியெல்லாம் போச்சு என்று பதறியதில், மணி மாற்றம் தள்ளிப்போனதே அவருக்கு மறந்துவிட்டது. அந்தப் போனுக்குப் பழைய அட்டவணை, தப்பு அதனுடையது. ஆனால் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போன் பொய் சொல்லும் என்று எந்த மனிதனுக்குத் தோன்றும்? துண்டுத் தாளை எடுத்து, நான்காம் எண்ணைத் தட்டி, மிஷினின் மணியைக் கையால் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்.

ஐந்தரை டூட்டிக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். வைத்த விரலுக்கெல்லாம் ஆறு இருபது, ஆறு இருபத்தைந்து என்று விழுந்தது. தூக்கக் கலக்கத்தில் மிஷின் முகத்தை எவன் பார்க்கிறான்? பத்தொன்பது பேர். சின்னவன் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் பத்து நிமிடம் முன்னதாகப் போயிருந்தான்.

எட்டு இருபதுக்கு மேனேஜர் வீட்டிலிருந்து போன். "சுவத்துல எட்டு இருபது, என் போன்ல ஒம்பது இருபது. எதுங்க நிஜம்?" என்று அவர் மனைவி கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஓடிப்போய் மணியைப் பின்னால் தள்ளிவிட்டு, தாளைக் கிழித்துப்போட்டார். வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் வானத்தைப் பார்த்தார்.

திங்கட்கிழமை பத்தொன்பது பேருக்கும் லேட் பதிவு வந்தது. பதினெட்டுப் பேருக்கு அது முதலாவதோ இரண்டாவதோ, முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். சின்னவனுக்கு மூன்றாவது. வெள்ளிக்கிழமை விசாரணை என்று கடிதம் கைக்கு வந்தது.

வீடு இரண்டுபட்டது. "மிஷினைப் பார்த்துக்கறது நீ. வீட்டுப் பிள்ளை வயித்துல மிஷின் அடிக்குது, நீ நின்னு பார்க்கறியா?" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை. சின்னவன் சாவிக்கொத்தைச் சுவரில் மாட்டினான், எடுத்தான், மறுபடி மாட்டினான்.

செவ்வாய்க்கிழமை கேட்டு மிஷினின் உள்ளே இருக்கும் பதிவை அவள் தாளில் அச்சடித்து எடுத்துப் பார்த்தாள். யார் எப்போது மிஷினைத் தொட்டாலும் அதில் விழுந்துவிடும், அதை யாரும் அழிக்க முடியாது. ஞாயிறு காலை ஐந்து ஐந்து, மணி கையால் ஒரு மணி நேரம் முன்னால். எட்டு இருபத்திரண்டு, ஒரு மணி நேரம் பின்னால். இரண்டு வரியிலும் எண் நான்கு.

அவளுடைய எண்.

அந்த அறையில் எத்தனை தடவை நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இந்தத் தாளைக் காட்டினால் சின்னவன் பிழைப்பான், பத்தொன்பது பேருடைய பதிவும் போய்விடும். ஆனால் மணியைத் திருப்பியவள் அவள் என்று ஆகிவிடும். காட்டாவிட்டால் அவன் போவான். கேட்டில் ஒரு கேமரா இருக்கிறது, மூன்று மாதமாக அது கண்ணைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் வீட்டில் தூங்கினாள் என்பதற்குச் சாட்சி மாமியார், மாமியார் சாட்சியை எந்தக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்?

வாட்ச்மேனிடம் போனாள்.

"அண்ணே, நீங்க பார்த்தீங்க."

"என் வேலை கேட்டைப் பார்க்கறது தங்கச்சி. மிஷினைப் பார்க்கறது என் வேலையில்ல." சொல்லிவிட்டு அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் கல்யாண வயதில் இரண்டு பெண்கள்.

மேனேஜரிடம் போனாள். அவர் கதவைச் சாத்தினார்.

"உன் கொழுந்தன் ஒருத்தனோட லேட் வரியை மட்டும் திருத்திடு. நான் கேட்க மாட்டேன். விஷயம் முடிஞ்சுது."

"மத்த பதினெட்டுப் பேர் சார்?"

"அவங்க வேலைக்கு ஒண்ணும் ஆகலையேம்மா."

"இன்னிக்கு ஆகலை. அடுத்த வாரம் டயர் பஞ்சராகி ஒருத்தர் லேட்டா வந்தா?"

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். "நான் ரிட்டயராக இன்னும் மூணு வருஷம்தான் இருக்கு" என்றார். மிரட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டில் மாமியாரும் அதையே கேட்டாள். "ஒரு வரிதானேடி. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள."

"அப்புறம் அந்த மிஷின்ல வர்ற எந்த வரியை அத்தை நான் நிஜம்னு சொல்றது? தெருவுல சொல்ற மாதிரி நானே மணி மாத்தினவளா ஆயிடுவேன்."

"தெரு இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லும்."

வியாழன் இரவுச் சாப்பாடு முடிந்ததும் மாமியார் அவள் அறுந்த செருப்பை எடுத்துவந்து, உட்கார்ந்து, கோணி ஊசியால் வாரைத் தைத்தாள்.

வெள்ளிக்கிழமை தலைமை ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்திருந்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் சின்னவன், சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முட்டிபோட்ட பையன் மாதிரி. அந்தப் பக்கம் மேனேஜர். சர்வர் அக்காவை யாரும் கூப்பிடவில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், பதிவுத் தாளை மேஜைமேல் வைத்தாள்.

அதிகாரியம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "மிஷின் மூணு மணி நேரத்துக்கு மேல தப்பா ஓடியிருக்கு. அப்ப இந்த லேட் எதுவும் செல்லாது. பத்தொன்பதும் அடிச்சிடுங்க." சின்னவனுக்கு மூச்சு வந்தது. உடனே அடுத்த கேள்வியும் வந்தது. "எண் நான்கு யாரு?"

"நான்தான் மேடம்."

"நீங்களா திருப்பினீங்க?"

"இல்லை மேடம்."

"அப்ப யாரு?"

அவள் மேனேஜரைப் பார்த்தாள். அவர் மேஜை விளிம்பில் இருந்த ஒரு கீறலை நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் காத்திருந்தாள். அந்த அறையில் ஒரே இடத்தில் நின்று அவள் அவ்வளவு நேரம் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"சார்கிட்ட என் பாஸ்வேர்டை எழுதிக் குடுத்தேன். அது என் தப்பு. மிச்சத்தை அவர்தான் சொல்லணும்."

மேனேஜர், "எனக்குத் துண்டுத் தாள் எதுவும் ஞாபகமில்லை" என்றார், கேட்கிறதோ கேட்கவில்லையோ என்ற குரலில்.

அதிகாரியம்மா அவளை வையவில்லை, கத்தவில்லை. ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "கவனக்குறைவா நான்தான் திருப்பிட்டேன்னு ரெண்டு வரி எழுதுங்க. ஒரு எச்சரிக்கையோட விட்டுடலாம். வேலையில இருக்கலாம்."

இதைத்தான் தெருவில் இருக்கிறவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். இருக்கச் சொன்னார்கள். செய்யாததைச் செய்தேன் என்று இரண்டு வரி எழுதியிருந்தால் இன்றைக்கும் அந்த அறையில்தான் இருந்திருப்பாள். அவள் எழுதினாள். "எண் என்னுடையது. கை என்னுடையது இல்லை. இனி இந்த வேலை வேண்டாம்." கையெழுத்துப் போட்டாள். சர்வர் அறைச் சாவியைத் தாள்மேல் பாரமாக வைத்தாள், மின்விசிறிக் காற்றில் பறந்துவிடக் கூடாது என்று.

"அண்ணி" என்று சின்னவன் எழுந்தான்.

"உட்காரு. உன் விசாரணை இன்னும் முடியலை."

கேட்டைத் தாண்டி ரோட்டில் வந்து நின்றாள். மணி பதினொன்று இருக்கும். பதினான்கு வருஷத்தில் பதினொரு மணி வெயிலில் அந்த ரோட்டை அவள் பார்த்ததே இல்லை. எதிரே ஒரு சாவிக் கடை இருந்தது, அதை என்றைக்குத் திறந்தார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. வலப்பக்கம் நாலு எட்டு வைத்தாள், நின்றாள், இடப்பக்கம் திரும்பினாள். எங்கே போவது என்று முடிவு செய்யவில்லை, ஆனால் நிற்கவும் முடியவில்லை.

அப்படியே அரை மணி நேரம் நடந்த பிறகு பின்னால் ஹாரன் கேட்டது. பதினொன்றரை வண்டிக்கு ஆள் இல்லை என்று சின்னவனையே ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அவன் வண்டியை அவள் பக்கத்தில் நிறுத்தி முன் கதவைத் திறந்தான். கண் சிவந்திருந்தது.

"ஏறுங்க அண்ணி. வீட்டுல விடறேன்."

"உன் வண்டி அந்தப் பக்கம் போகாது."

"இன்னிக்குப் போகும்."

"ஒண்ணும் வேண்டாம். நீ கிளம்பு, லேட்டாயிடப் போற" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.