எங்கியும் நிக்கல

நேற்று கடையில் வாங்கிய இட்லி மாவுப் பாக்கெட் என் காரின் பின்சீட்டில் வெடித்துவிட்டது. மே மாத வெயில், மாவு பொங்காமல் என்ன செய்யும்? வீட்டில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார்கள். நான் மட்டும் கதவை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். புளித்த மாவும் சூடான ரெக்சினும் கலந்த அந்த வாசனை எனக்கு வசந்தா அக்காவின் வாசனை. தப்பாக நினைக்காதீர்கள், அவருடைய காரின் வாசனை.

அப்போது செங்கல்பட்டில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். ஸ்கேனரைச் செருகினால் எஞ்சின் தன் வியாதியைத் தானே ஒப்பித்துவிடும் என்று நம்பிய வயது. ஆனால் வந்து வந்து போகும் கோளாறு என்று ஒன்று உண்டு. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுபோகிற மாதிரி, ஒர்க்‌ஷாப் கேட்டைப் பார்த்ததும் வண்டி சமர்த்தாகிவிடும். அந்த மாதிரி வண்டிக்கு முதலாளி என்னைத்தான் கூப்பிடுவார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். இன்றைக்கும் குறைந்தபாடில்லை.

வசந்தா அக்கா திருக்கழுக்குன்றத்தில் மாவு அரைத்து, பழைய பெட்ரோல் காரில் பக்கெட் பக்கெட்டாக ஏற்றி, மாமல்லபுரம் தொடங்கி திருவிடந்தை வரை ஹோட்டல்களுக்குப் போடுகிறவர். அவர் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டினார். ஸ்டியரிங் விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. அந்தக் காரை ஒருநாள் இரண்டு பேருமாக என்னிடம் கொண்டு வந்தார்கள்.

"இவ ஓட்னாதான் நிக்குது தம்பி. நான் அச்சரப்பாக்கம் வரிக்கும் பூட்டு வந்தேன், எங்கியும் நிக்கல. ஓட்டத் தெரியாம ஓட்டிகினு வண்டிய கொற சொல்றா. இந்த வாட்டியும் சரியாவலன்னா வித்துடுவேன்."

"வித்துட்டா? பஸ்ல பக்கெட்ட ஏத்த வுடுவானா?" என்றார் அக்கா. வண்டி போனால் வியாபாரமும் போச்சு என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்ததுதான்.

"எப்படிக்கா நிக்குது?" என்று கேட்டேன்.

"நின்னா நின்னதுதான் தம்பி. கொஞ்ச நேரம் கழிச்சி அதுவா ஸ்டார்ட் ஆவும்."

ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுவிடுகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். பெட்ரோல் பம்பைப் பார்த்தேன், பிளக்கைக் கழற்றினேன், ஒயர் ஒயராகப் பிடித்து ஆட்டினேன். ஸ்கேனர் ஒரு குறையும் சொல்லவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் விரட்டு விரட்டென்று விரட்டியும் வண்டி ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஓடியது. ஏழுமலை அண்ணன் முகத்தில் அப்படியொரு திருப்தி.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சாவிய அக்காகிட்ட குடுங்கண்ணா. நாளைக்கு மாவு போடற லைனுக்கு நானும் வரேன்" என்றேன்.

"எப்படி ஓட்றான்னு நீயே பாரு" என்று அவரும் கிளம்பிவிட்டார். இடம் இல்லாததால் பின்சீட்டில், மடியில் ஒரு மாவுப் பக்கெட்டோடு.

அக்கா அருமையாக ஓட்டினார். உண்மையைச் சொன்னால் என்னைவிட நன்றாக. மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் முன்னால் எஞ்சினை அணைத்துவிட்டு மாவை இறக்கினோம். டீ கொடுத்தார்கள், குடித்தோம். திரும்பி வந்து அக்கா சாவியைத் திருகினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை.

"பாத்தியா தம்பி, நின்னுடுச்சி."

"எங்கடி நின்னுச்சி? நீதான நிறுத்தன?" என்றார் அண்ணன், பக்கெட்டுக்குப் பின்னாலிருந்து.

என் மண்டையில் அப்போதுதான் உறைத்தது. வண்டி ஓடும்போது நிற்கவே இல்லை. நிறுத்தினால்தான் மறுபடி கிளம்பவில்லை. அண்ணனும் வழியில் எங்கும் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. கடை கடையாக நிறுத்துகிறவர் அக்கா ஒருவர்தான்.

ஓடும் வண்டியில் காற்று எஞ்சினை ஆற்றிக்கொண்டே இருக்கும். அணைத்ததும் சூடு பானட்டுக்குள் தேங்கும். எஞ்சின் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் அந்தச் சூட்டில் மயங்கிவிடும். அது சொல்லாவிட்டால் பெட்ரோலும் வராது, பொறியும் வராது. இன்னொரு முறை சாவியைத் திருகச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சமாவது எழ வேண்டிய ஆர்.பி.எம். முள் அசையவே இல்லை.

பக்கத்தில் மீன் விற்ற அம்மாவிடம் ஒரு கை ஐஸ் வாங்கி, துணியில் சுற்றி, அந்தச் சென்சார் மேல் வைத்தேன்.

"இப்ப அடிங்கக்கா."

முள் எழுந்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. கார் முழுக்க மாவு வாசனையோடு மீன் வாசனையும். அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு அதற்கப்புறம் எந்த வண்டியும் கொடுக்கவில்லை.

அண்ணன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பக்கெட்டைக் கொஞ்சம் கெட்டியாகக் கட்டிக்கொண்டு, "சரி, எடு. திருவிடந்தைல மாவுக்குக் காத்துகினு கீறாங்க" என்றார். சாவி அன்றிலிருந்து அக்காவிடம்தான்.

அந்த ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அக்காவிடம் மினி வேன் இருக்கிறது. ஏதாவது கோளாறு என்றால் ஓட்டுகிறவருக்குத் தெரிவதற்கு முன்னால் வண்டிக் கம்பெனிக்குத் தகவல் போய்விடுமாம். கூட வந்து பார் என்று மெக்கானிக்கை யாரும் கூப்பிடுவதில்லை. பழைய காரைப் போன வருஷம் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு அக்கா போன் செய்தார்.

"நம்ம வண்டி போயிடுச்சி தம்பி."

"யாருக்கா கொண்டுபோய் விட்டது?"

"அவருதான் ஓட்டிகினு போனாரு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

"வழியில எங்கியும் நிக்கலயாம்."