மாதேவியின் சுண்டுவிரல்

பூங்குழலியை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். தமிழ்க்காரர்கள் ஊரான மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு வந்து, நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடையில் சேர்ந்தாள். காதுகுத்து, தலைவர் பிறந்தநாள் என்று வருகிற போட்டோக்களைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டி ஒட்டினோம். நான் இன்னும் அதையேதான் செய்கிறேன். அவள் விஜயநகரில் தனியாக அறை பிடித்து, லோகோ, பாக்கெட் டிசைன் என்று வளர்ந்துவிட்டாள்.

வளர்ந்ததற்குக் காரணம் ஒரு கிறுக்குத்தனம். வேலையை ஒப்புக்கொண்டால் உடனே கம்ப்யூட்டரைத் திறக்க மாட்டாள். வேலை கொடுத்தவரின் கடையில் ஒரு முழு நாள் போய் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். வேலை முடிந்தால் திருத்தக்கூடிய ஒரிஜினல் ஃபைலையும் தூக்கிக் கொடுத்துவிடுவாள். எங்கள் தொழிலில் யாரும் அதைக் கொடுப்பதில்லை. கொடுத்துவிட்டால் அடுத்த தடவை நம்மைத் தேட மாட்டார்கள்.

"அவங்க கடை, அவங்க படம். நான் பூட்டி வெச்சு என்ன பண்றது?" என்பாள்.

உமாதேவி என்றொரு அம்மாள் ராகி மாவு வியாபாரம் தொடங்கி பாக்கெட் டிசைன் கேட்டபோது, பூங்குழலி அங்கே இரண்டு நாள் உட்கார்ந்தாள். ராகி புடைத்துக்கொண்டிருந்த மாதேவி கொள்ளேகால் பக்கத்துக்காரி. எப்போதோ இயந்திரத்தில் சிக்கியதில் சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். வரைய வேண்டும் என்றதும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாளாம்.

"இந்தக் கோணக் கையையா அம்மிணி?"

"இதுதானுங்க்கா வேணும். பாக்கெட்டுல உங்க பேரும் வரும்."

முறம் பிடித்த அந்தக் கையும், பின்பக்கம் மாதேவியின் பெயரும் அச்சாயின. மாவு நன்றாக விற்றது.

போன மாதம் உமாதேவியின் புதிய ஆலைத் திறப்பு விழாவுக்கு நானும் பூங்குழலியும் போனோம். மேடைத் திரையில் புது பாக்கெட். அதே கை, வேறு நிறம். பெயர் இல்லை.

"இது எங்கம்மாவோட கை. நான் சொல்லச் சொல்ல பெங்களூர் கம்பெனிக்காரங்க வரைஞ்சு குடுத்தாங்க" என்று கன்னடத்தில் பேசினாள் உமாதேவி. பெற்ற தாயின் விரலையே வளைத்துவிட்டாள் புண்ணியவதி. கம்பெனிக்காரனுக்கு மைசூர் பேட்டா தலைப்பாகை கட்டி மாலை போட்டார்கள்.

"என் ஃபைல்" என்றாள் பூங்குழலி.

"போய்க் கேளு" என்றேன். எழுந்தாள். அதற்குள் மோர்த் தட்டோடு மாதேவி எங்கள் வரிசைக்கு வந்துவிட்டாள். கடைசி இரண்டு டம்ளரை எங்களுக்குக் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"அது எங்கையிதானே அம்மிணி?"

"உங்க கைதானுங்க்கா."

"பின்ன, எம்பேரு?"

பூங்குழலி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அந்தம்மா கேட்டிருந்தா நீட்டியிருக்க மாட்டேன். நீ கேட்டீன்னுதான் நீட்டுனேன்."

ஃபைலைத் தூக்கிக் கொடுத்தது தான்தானே என்று பூங்குழலி மேடைப் பக்கம் போகாமல் உட்கார்ந்துவிட்டாள். மாதேவி அந்தக் கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, மற்றக் கையால் காலித் தட்டை எடுத்துப் போனாள்.