களம் நனைந்த நாளின் சோறு

எழுபதுகளில் ஒரு வாரப் பத்திரிகையின் டாக்டர் பக்கத்தில் ‘உணர்ச்சி இடமாற்றம்’ என்று ஒரு சொல்லைப் படித்தேன். கோபம் உண்டான இடத்தில் காட்டப் பயந்து, பயமில்லாத இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவதாம். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். சரியாகத்தான் புரிந்ததா என்று மூன்று தடவை படித்தேன். பத்து வருஷம் முன்னால் இது தெரிந்திருந்தால் ஒரு ஆடி மாசம் முழுக்கத் தூக்கம் கெட்டிருக்காது.

அரியக்குடியிலிருந்து புதுவயலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வீட்டில் நாங்கள் ரெண்டே பேர். அவருக்கு அரிசி மில்லில் களம் பார்க்கிற வேலை. அவித்த நெல்லைக் காயப்போட்டு, மழைக்கு முன்னால் குவித்து மூட வேண்டும். நனைந்தால் அரிசியில் வாடை அடிக்கும், முதலாளி வைவார் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. சில நாள் தட்டு முன்னால் உட்கார்ந்ததுமே, “இந்தா, சோத்துல என்ன வாடை?” என்பார். அது ஒன்றுதான் தெரியும்.

அரிசியை ஏழு தண்ணீரில் கழுவினேன். பானையை மாற்றினேன். மோந்து மோந்து எனக்கே வாடை அடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஆடிக்கு அம்மா வந்து அழைத்துப்போனார்கள். ஆவணி பிறந்தால் மாப்பிள்ளை வந்து கூட்டிப்போக வேண்டும். வரமாட்டார் என்றே நான் முடிவுகட்டிவிட்டேன். வந்தால் முடி இறக்குகிறேன் என்று குன்றக்குடி முருகனிடம் சொல்லி வைத்தேன்.

ஆவணி முதல் நாளே வந்துவிட்டார். சாப்பிட்டுவிட்டு, “நல்லாருக்கு அத்தை” என்றார். புதுவயலுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்.

“அம்மா சோத்துல மட்டும் வாடை இல்லையாக்கும்?”

“இன்னைக்குக் களத்துல மழை இல்லையே.”

“களத்து மழைக்கும் சோத்துக்கும் என்ன சம்பந்தங்குறீக?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “மொதலாளிய எதுத்துப் பேச முடியுமா? ஒரு மாசமா நானே பொங்கித் தின்னேன். வாடையும் இல்ல, வையுறதுக்கு ஆளும் இல்ல. சோறே எறங்கல.”

அதிலிருந்து, தட்டு வைக்கும் முன்னால், “களம் நனைஞ்சிருச்சா?” என்று கேட்டுவிடுவேன். நனைந்திருந்தால் முதலாளியை நானே நாலு வார்த்தை வைவேன். “விடு, பாவம்” என்று சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். ஆனாலும் வழக்கத்துக்கு, ‘வாடை’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்.

டாக்டர் எழுதியதை வாசித்துக் காட்டியபோது, “அப்ப எனக்கு வியாதியா?” என்றார்.

“ஊர்ல எல்லாத்துக்கும் உள்ளதுதானாம்.”

“அப்ப சோத்தப் போடு.”

அன்றைக்கு நல்ல மழை. வாடை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கை கழுவ எழுந்தவரிடம், “உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்று கேட்டேன்.